தசைக்குள் மெக்னீசியம் பார்க்கும் வேலை

ஜிம் பக்கம் போனாலே மெக்னீசியம் பேச்சு அடிபடுகிறது. கால் பிடித்து இழுக்கிறதா, தூக்கம் வரவில்லையா, பயிற்சியில் சீக்கிரம் சோர்ந்துபோகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்கிறார்கள். இதில் பாதி உண்மை, மீதி வியாபாரம். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, தசைக்குச் சக்தி எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மெக்னீசியத்தில் கலோரி கிடையாது. சோறும் எண்ணெயும் பருப்பும் தரும் சக்தியை அது தருவதில்லை. ஆனால் அவை தரும் சக்தியை தசை பயன்படுத்த வேண்டுமானால் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் மெக்னீசியம் கூட நிற்க வேண்டும். அதனால் உடலில் அது குறைந்தால் பயிற்சி பாதிக்கும். போதுமான அளவு இருக்கும்போது மேலும் மேலும் விழுங்கினால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. மாத்திரை விற்பவர்கள் குறைந்தால் பாதிக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

ஏடிபி தனியாக வேலை செய்யாது

தசை குளுக்கோஸை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. குளுக்கோஸிலும் கொழுப்பிலும் இருக்கும் சக்தி முதலில் அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்ற மூலக்கூறுக்கு மாற வேண்டும். தசை சுருங்க, இதயம் துடிக்க, செல்லுக்குள் வந்த சோடியத்தை வெளியே தள்ள, எல்லாவற்றுக்கும் ஏடிபிதான். ஒருவர் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி மிகச் சொற்பம். ஆனால் உடைந்த ஏடிபி உடனே மறுபடி உருவாக்கப்படுகிறது. ஒரு நாளில் இப்படிச் சுழலும் ஏடிபியைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அவருடைய உடல் எடை அளவுக்கு வந்துவிடும். ஓடும்போது இந்தச் சுழற்சி இன்னும் பல மடங்கு வேகம்.

ஏடிபியின் வாலில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒரே துருவத்தைக் காட்டி நெருக்கி வைக்கப்பட்ட காந்தங்கள்போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தில்தான் சக்தி. இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட மெக்னீசிய அயனி வந்து பாஸ்பேட்டுகளோடு ஒட்டிக்கொள்ளும்போது அந்த வால் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வருகிறது. ஏடிபியை உடைக்கும் நொதிகள் பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான் அடையாளம் காண்கின்றன. மெக்னீசியம் ஒட்டாத வெறும் ஏடிபி கையில் இருந்தும் செலவழிக்க முடியாத நிலையில் நிற்கும். பாடநூல்களில் ஏடிபி என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் உண்மையில் நடப்பது மெக்னீசியம்-ஏடிபி என்றே படித்துக்கொள்ளலாம்.

மெக்னீசியம் முந்நூறுக்கு மேற்பட்ட நொதிகளுக்குத் துணை என்று எல்லாக் கட்டுரைகளிலும் ஒரு வரி வரும். அந்த எண் நம் நினைவில் நின்று பெரிதாகப் பயன் எதுவும் இல்லை. அவற்றில் பெரும்பகுதி ஏடிபியைத் தொடும் நொதிகள் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

நூறு மீட்டரிலிருந்து மாரத்தான் வரை

தசையில் தயாராக இருக்கும் ஏடிபி முழுவேகத்தில் இரண்டு மூன்று நொடிகளுக்குத்தான் வரும். அதன்பின் கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை மீட்கிறது. நூறு மீட்டர் ஓட்டம், ஒரே தூக்கில் பாரம் எடுப்பது, கபடியில் ஒரு பாய்ச்சல், இவையெல்லாம் பெரும்பாலும் இந்தப் பத்து நொடிச் சரக்கில் நடப்பவை. இந்தப் பரிமாற்றத்தைச் செய்யும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதிக்கு மெக்னீசியம் தேவை.

பத்து நொடிக்கு மேல் போனால் குளுக்கோஸை உடைக்கும் வேலை முந்துகிறது. குளுக்கோஸிலிருந்து பைருவேட் வரை பத்துப் படிகள். செல்லுக்குள் வந்த குளுக்கோஸைப் பிடித்து வைக்கும் ஹெக்சோகைனேஸ், வேகத்தைத் தீர்மானிக்கும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், கடைசிப் பகுதியில் வரும் ஈனோலேஸ், பைருவேட் கைனேஸ் என்று இதில் பாதி நொதிகள் மெக்னீசியம் இல்லாமல் நகராதவை. நானூறு மீட்டர் ஓட்டமும் எட்டுப் பத்து முறை தொடர்ந்து பாரம் தூக்கும் செட்டும் இந்த வழியை நம்பியவை.

நீண்ட தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்றால் செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு நடக்கும் வேலை. அங்கே சிட்ரிக் அமிலச் சுழற்சியின் ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ் போன்ற நொதிகளுக்கும், கடைசியில் ஏடிபியைக் கட்டும் ஏடிபி சிந்தேஸுக்கும் மெக்னீசியம் வேண்டும். அதாவது குறைந்த தூரம், நடுத்தூரம், நெடுந்தூரம் மூன்றில் எதுவும் இதற்குத் தப்பவில்லை.

சுருங்குவதற்குக் கால்சியம், தளர்வதற்கு மெக்னீசியம்

மூளை கட்டளையிட்டதும் தசைச் செல்லுக்குள் ஒரு வலைப்பையில் அடைத்து வைத்திருக்கும் கால்சியம் வெளியே கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ள, ஆக்டின் இழையில் மூடியிருந்த இடங்கள் திறக்கின்றன. மயோசின் இழையின் தலைகள் அங்கே பற்றி இழுக்கின்றன. தசை சுருங்குவது இதுதான்.

பலரும் கவனிக்காத சங்கதி, தசை தளர்வதற்கும் சக்தி செலவாகிறது என்பது. பற்றிய மயோசின் தலை விடுபட வேண்டுமானால் புதிதாக ஒரு மெக்னீசியம்-ஏடிபி வந்து அதில் அமர வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏடிபி தீர்ந்து இந்த விடுவிப்பு நின்றுபோவதால்தான். அதோடு, வெளியே கொட்டிய கால்சியத்தை மறுபடி பைக்குள் இறைக்கும் பம்புக்கும் மெக்னீசியம்-ஏடிபி வேண்டும். ஓய்வில் இருக்கும் தசையில் கால்சியம் கசியாமல் பையின் வாசலை அடக்கி வைப்பதிலும் மெக்னீசியத்துக்குப் பங்குண்டு.

கடுமையான மெக்னீசியக் குறைபாட்டில் தசை துடிப்பதும் கைகால் இழுப்பதும் ஏன் என்று இதிலிருந்து புரியும். நரம்பும் தசையும் சின்னத் தூண்டலுக்கே கிளம்பிவிடுகின்றன. இன்னொரு சிக்கல், மெக்னீசியம் மிகவும் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும். கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பியும் மந்தமாகும். பொட்டாசியம் கொடுத்தும் கொடுத்தும் ஏறாத நோயாளிக்கு மருத்துவர்கள் மெக்னீசியத்தைப் பார்ப்பது இதனால்தான்.

ஆய்வுகள் சொல்வது

செல்லுக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது என்பதாலேயே மாத்திரை போட்டால் ஓட்டம் வேகமாகிவிடும் என்று முடிவுகட்ட முடியாது. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்ததில் மூன்று ஆய்வுகள் விஷயத்தை நன்றாகத் தெளிவாக்குகின்றன.

முதலாவது அமெரிக்க வேளாண்துறையின் ஊட்டச்சத்து விஞ்ஞானிகள் ஹென்றி லுகாஸ்கியும் ஃபாரஸ்ட் நீல்சனும் 2002-ல் வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பத்துப் பெண்களுக்கு அளந்த உணவு கொடுத்தார்கள். அதில் மெக்னீசியம் நாளொன்றுக்கு 112 மில்லிகிராம்தான். முதல் 35 நாள் அதோடு 200 மி.கி. மாத்திரையாகச் சேர்த்தார்கள். அடுத்த 93 நாள் வெற்று மாத்திரை. பிறகு 49 நாள் மறுபடி 200 மி.கி. ஒவ்வொரு கட்டத்திலும் மிதமான அளவு பயிற்சி செய்யவைத்து அளந்தார்கள். குறைவான கட்டத்தில் தசையில் மெக்னீசியம் இறங்கியது, அதே வேலையைச் செய்ய அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது, இதயத்துடிப்பும் கூடியது. நேற்று எளிதாக ஏறிய மாடிப்படியில் இன்று மூச்சு வாங்குகிறது என்றால் அதை ஆய்வுக்கூட மொழியில் இப்படித்தான் எழுதுவார்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் 1992-ல் வந்தவை, முடிவு எதிரெதிர். பிரில்லாவும் ஹேலியும் பயிற்சி பழகாத 26 இளைஞர்களை எடுத்து, வாரம் மூன்று நாள் வீதம் ஏழு வாரம் வலுப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து உடல் எடையில் கிலோவுக்கு 8 மி.கி. மெக்னீசியம் வருமாறு பார்த்துக்கொண்டார்கள். இரண்டு குழுவுக்கும் தொடை வலு கூடியது; மெக்னீசியக் குழுவுக்குக் கூடுதலாகக் கூடியது. ஆனால் ஒப்பீட்டுக் குழு உணவில் பெற்றது சுமார் 250 மி.கி.தான். அது பரிந்துரையைவிடக் குறைவு.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் டெர்பிளாஞ்சும் டிம் நோக்ஸ் உள்ளிட்டோரும் இருபது மாரத்தான் ஓட்டக்காரர்களில் பாதிப்பேருக்கு தினமும் 365 மி.கி. கொடுத்தார்கள். ஓட்டத்துக்கு நான்கு வாரம் முன்பிருந்து ஆறு வாரம் பின்பு வரை. ஓட்டமும் மேம்படவில்லை, ஓடியபின் தசை தேறும் வேகமும் மாறவில்லை. இவர்களுடைய உடலில் மெக்னீசியம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது; மாத்திரைக்குப் பிறகு தசையில் அதன் அளவே ஏறவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. குறைவாக இருந்தவர்களுக்கு நிரப்பியபோது பயன் தெரிந்தது. நிறைந்திருந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை. ஆய்வுகள் சின்னவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பேர், இருபது பேர் என்ற அளவில் நடந்த சோதனையை வைத்து "வலு இத்தனை சதவீதம் ஏறும்" என்று டப்பாவில் அச்சடிப்பது நேர்மையில்லை.

குரக்குவலி

ஆட்டத்தின் நடுவே கெண்டைக்கால் கட்டியாகி இழுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை மெக்னீசியமாகத்தான் இருக்கிறது. இங்கே சான்று மிக மெலிது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் புதுப்பித்த தொகுப்பாய்வில், முதியவர்களுக்கு இரவில் வரும் குரக்குவலியை மெக்னீசிய மாத்திரை குறிப்பிடத்தக்க அளவுக்குத் தடுக்க வாய்ப்பில்லை என்றார்கள். உடற்பயிற்சியால் வரும் குரக்குவலிக்கோ, முறையாக ஒப்பிட்டுச் செய்த ஒரு சோதனைகூட அவர்கள் கையில் சிக்கவில்லை.

களத்தில் வரும் பிடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் தசை களைத்துப்போவதுதான். பழகாத வேகம், பழகாத தூரம், ஆட்டத்தின் கடைசிப் பகுதி ஆகிய சமயங்களில் வருவதைப் பார்த்தாலே தெரியும். அப்போது செய்ய வேண்டியது நிறுத்திவிட்டு, முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை உங்கள் பக்கம் இழுத்து, பிடிப்பு விடும்வரை அப்படியே வைத்திருப்பது. பல நேரம் அரை நிமிடத்தில் விட்டுவிடும். வெயிலில் நெடுநேரம் ஆடி, சட்டையில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் உடலில் குறைந்துபோனது சோடியமாக இருக்கலாம். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ அதற்கு உதவும்.

வியர்வைக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் பல நூறு மில்லிகிராம் போகிறது. மெக்னீசியம் பெரும்பாலும் இருபது மி.கி.க்குள். இரண்டு மணி நேர ஆட்டத்தில் மொத்தம் 20 மி.கி. போனதாக வைத்துக்கொள்வோம். உண்ணும் மெக்னீசியத்தில் குடல் உறிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் அதை ஈடுகட்ட உணவில் 60 மி.கி. வேண்டும். ஒரு நல்ல கைப்பிடி வேர்க்கடலையில் அது வந்துவிடும்.

ஆனால் தினமும் கடும்பயிற்சி செய்பவருக்கு வியர்வையோடு சிறுநீரிலும் இழப்பு கூடுகிறது. இவர்களுக்குத் தேவை பத்து முதல் இருபது சதவீதம் கூடலாம் என்று நீல்சனும் லுகாஸ்கியும் 2006-ல் கணித்தார்கள். எடையைக் குறைக்கச் சாப்பாட்டைச் சுருக்கும் மல்யுத்தக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. (ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் கையில் தடவிக்கொள்ளும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட்தான். பிடிமானத்துக்கு உதவும், தசைக்குள் போகாது.)

இரத்தப் பரிசோதனையை நம்பலாமா

பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்றத் திசுக்களிலும். இரத்தத்தின் சீரத்தில், அதாவது அணுக்களை நீக்கிய தெளிந்த நீர்ப்பகுதியில், இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு பங்கை உடல் விடாப்பிடியாகக் காப்பாற்றும். உணவில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரகம் கசிவை அடைத்துக்கொள்ளும். அதனால் சீரம் அளவு சரியாக இருந்தும் உள்ளே இருப்பு குறைந்திருக்கலாம்.

வழக்கமான எல்லை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.7 முதல் 2.2 மி.கி. வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். எல்லைக்குக் கீழே வந்தால் உண்மையிலேயே குறைவு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் அதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது, கூடவே சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். இரத்தம் கொடுக்கும்போது இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, கடும்பயிற்சி முடித்த கையோடு போவது. குறுகிய கடும்பயிற்சி இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்து அளவைச் சற்று ஏற்றிக் காட்டும். நீண்ட ஓட்டம் இறக்கிக் காட்டும். ஒரு நாளாவது ஓய்வு எடுத்துவிட்டுப் போங்கள். மற்றொன்று, எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துபோவது. அணுக்களுக்குள் மெக்னீசியம் அதிகம் என்பதால் அவை உடைந்தால் முடிவு பொய்யாக உயரும்.

சாப்பாட்டில் எங்கே இருக்கிறது

அமெரிக்க மருத்துவக் கழகம் 1997-ல் வகுத்த அளவு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மி.கி., பெண்களுக்கு 310 முதல் 320 மி.கி. நம் ஊர்ச் சாப்பாட்டில் இது கிடைக்குமா என்பது அரிசியைப் பொறுத்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் தீட்டிய பச்சரிசிக்கு 100 கிராமில் சுமார் 19 மி.கி., தீட்டாத அரிசிக்கு 94 மி.கி., கேழ்வரகுக்கு 146 மி.கி. என்று இருக்கிறது. மெக்னீசியம் தானியத்தின் தவிட்டிலும் முளையிலும் இருப்பதால் தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து போய்விடுகிறது.

மூன்று வேளையும் வெள்ளை அரிசியைச் சுற்றியே சாப்பிடும் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். அரிசி 300 கிராமில் 60 மி.கி., குழம்புக்கும் சாம்பாருக்கும் போன பருப்பில் 40, பால், மோரில் 30, காய்கறியில் 40, ஒரு வாழைப்பழத்தில் 30. மொத்தம் 200 மி.கி. வயிறு நிறைந்தது, தேவையில் பாதிதான் வந்தது. வாழைப்பழம் பொட்டாசியத்துக்குப் பேர்போனது. மெக்னீசியத்தில் அப்படியொன்றும் பெரியதில்லை.

இதில் மூன்று மாற்றம் போதும். காலையில் 60 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ களியோ, கிட்டத்தட்ட 88 மி.கி. மாலையில் 30 கிராம் வேர்க்கடலை, 50 மி.கி. 30 கிராம் பாசிப்பயறை முளைகட்டிச் சுண்டலாக்கினால் 55 மி.கி.க்கு மேல். இட்லிப்பொடியிலோ துவையலிலோ ஒரு மேசைக்கரண்டி எள் சேர்ந்தால் இன்னும் 30. கூழ் குடித்த அளவுக்கு அரிசி குறையும் என்றாலும், கணக்கு 400 மி.கி.யைத் தொட்டுவிடுகிறது. இதற்கு எந்தக் கடையிலும் தனி டப்பா வாங்க வேண்டியதில்லை. பாதாம், முந்திரி, பூசணி விதை ஆகியவையும் செறிவானவை. 100 கிராம் பாதாமில் 270 மி.கி.க்கு மேல். விலையைப் பார்த்தால் எள்ளும் கடலையும் போதும்.

கீரையில் பச்சையத்தின் நடுவே மெக்னீசியம் அணு இருப்பது உண்மை. கீரையின் மெக்னீசியம் முழுவதும் பச்சையத்தில்தான் என்று சொல்வது மிகை. அதில் சிறு பகுதியே அங்கிருக்கிறது. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் கணிசமான அளவு தண்ணீரோடு போய்விடும். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அதோடு கடைவது நல்லது. கஞ்சி வடிக்கும் சோற்றுக்கும் இதே கதைதான்.

பயறிலும் தானியத்திலும் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது, அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது. ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது மூன்றும் இந்த அமிலத்தைக் குறைக்கும். கம்பையும் கேழ்வரகையும் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சிய வழக்கம் ஆய்வுக்கூடம் இல்லாமலே இந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 30 மி.கி. வரை மெக்னீசியத்தை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 100 வரை அனுமதிக்கிறது. கடினமான போர்வெல் தண்ணீரில் மூன்று லிட்டர் குடிப்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆர்ஓ எந்திரம் இதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதற்காக ஆர்ஓவைக் கழற்றி வீசச் சொல்லவில்லை. அந்த அளவைத் தட்டில் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான்.

மாத்திரை வாங்குவதென்றால்

டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் மெக்னீசியம் கலந்த சேர்மத்தின் மொத்த எடை. உடலுக்குக் கணக்கு அதிலுள்ள தனிம மெக்னீசியம்தான். மெக்னீசியம் ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம், சிட்ரேட்டில் சுமார் 16, கிளைசினேட்டில் சுமார் 14. ஆக, "கிளைசினேட் 1000 மி.கி." என்றால் உள்ளே 140 மி.கி.தான். ஆக்சைடு 400 மி.கி. என்றால் 240. ஆக்சைடு ஜெயித்ததுபோலத் தோன்றும், ஆனால் அது நீரில் சரியாகக் கரையாததால் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. சிட்ரேட்டும் கிளைசினேட்டும் அதைவிட நன்றாக உள்ளே போகும். பின்பக்கச் சிறு எழுத்தில் தனிம அளவே போடாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் மெக்னீசியம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மலமிளக்கியாக விற்கும் மில்க் ஆஃப் மெக்னீசியா வேலை செய்வது இப்படித்தான். அதனால் அளவு கூடினால் முதலில் தெரிவது வயிற்றுப்போக்கு. மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 350 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க வரம்பு. ஐரோப்பிய வரம்பு 250. உணவில் வருவதற்கு இந்த வரம்பு இல்லை. எடுப்பதானால் 100 அல்லது 150 மி.கி.யில் தொடங்கி, சாப்பாட்டோடு, முடிந்தால் இரண்டு வேளையாகப் பிரித்து எடுங்கள். சிறிய அளவாகப் பிரித்தால் உறிஞ்சும் பங்கு கூடும். போட்டி நாள் காலையில் முதன்முறையாக முயன்று பார்ப்பது கழிவறை வரிசையில்தான் கொண்டுபோய் நிறுத்தும். பயிற்சிக்கு அரை மணி முன் போட்டால் உடனே தெம்பு வரும் என்பதும் தவறு. தசையின் இருப்பு ஏற வாரக்கணக்கில் ஆகும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எளிய வழி, ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஏறக்குறைய அதே வெயிலில் இருபது நிமிடம் ஓடி முடிவில் இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்வது. சாப்பாட்டை மாற்றி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். துடிப்பு குறைந்தால் அதில் பயிற்சியின் பங்கும் இருக்கும்; எல்லாவற்றையும் மெக்னீசியத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போட்ட வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும், வெந்நீரின் இதம் அது. தோல் வழியாகத் தசைக்கு மெக்னீசியம் போதுமான அளவு போகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

சிலருக்குக் குறைபாடு வர மருந்தே காரணம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் விடாமல் எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரித்தது. சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, மிதமிஞ்சிய குடி ஆகியவையும் சிறுநீர் வழியாக மெக்னீசியத்தை விரட்டும். இவர்கள் சோர்வுக்குத் தாமாக மாத்திரை வாங்காமல் மருத்துவரிடம் பரிசோதனை கேட்பது சரி.

வேறு மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கும்போதும் தகராறு உண்டு. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை மெக்னீசியம் குடலிலேயே கட்டிப்போட்டு வேலை செய்யவிடாது. ஆன்டிபயாடிக்கை முதலில் போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து மெக்னீசியம்; மெக்னீசியம் முந்திவிட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி. தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் மிகையானதைச் சிறுநீரில் தள்ளிவிடுவார். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். இரத்தத்தில் அளவு ஏறினால் குமட்டல், இரத்த அழுத்த வீழ்ச்சி, தசைத் தளர்ச்சி என்று போய், மிக உயர்ந்தால் மூச்சும் இதயமும் பாதிக்கும். அவர்களுக்கு மாத்திரை மட்டுமல்ல, நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் திரவமும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.